தனிக்கட்சி ஆட்சியின் முதல் அமைச்சரவை

கதைக்காக நான் உருவாக்கி வரும் கற்பனை நாட்டில் ஒரே கட்சி தனிப் பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்துவிட்டது, இப்போது அமைச்சரவைப் பட்டியல் போட வேண்டும். கூட்டணி இல்லையே, சுலபம்தானே என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட்டணி ஆட்சியில் எந்தக் கட்சி எந்தத் துறையைக் கேட்கிறது என்று ஓரளவு வெளியே தெரிந்துவிடும்; தனிக்கட்சி ஆட்சியில் அதே பேரம் மூத்தவர்களுக்கும் இளையவர்களுக்கும், வட்டாரத்துக்கும் வட்டாரத்துக்கும் இடையே கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும்.

அதனால் முதலில் எண்ணிக்கைக்கு வரம்பு. இந்தியாவில் 2003-இல் வந்த 91-ஆவது அரசியலமைப்புத் திருத்தப்படி, பிரதமரையும் சேர்த்து, அமைச்சர்கள் மக்களவையின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதையே எடுத்துக்கொண்டேன். அப்புறம் நிதித்துறை. பிரதமர் முகத்துக்கு நேராக ‘பணம் இல்லை’ என்று சொல்லக்கூடியவர்தான் வேண்டும். அமைச்சரவையின் முடிவுக்கு எல்லா அமைச்சர்களும் சேர்ந்தே பொறுப்பு என்கிற கூட்டுப் பொறுப்பு இருப்பதால் அமைச்சர் வெளியே எதிர்த்துப் பேச முடியாது, பேசுவதென்றால் பதவி விலக வேண்டும், அப்படியானால் அறைக்குள்ளாவது பேசுகிறவராக இருக்க வேண்டாமா? தலையாட்டுகிறவர்களாகவே நிரப்பினால் தப்பைச் சொல்ல ஆளே இருக்காது. உள்துறையைப் பிரதமர் தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது, அதில் நான் உறுதி. சட்டத்துறைக்குத்தான் இன்னும் ஆள் முடிவாகவில்லை.