ஹோஸ்ட்டை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க அக்கா

வீட்டுக்கல்விப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் ஏதோ ஒரு விதத்தில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஜூமில் கூடும் எங்கள் வியாழக்கிழமைக் குழுவில் ஆறு பேர், எல்லாரும் 14-லிருந்து 16-க்குள். அன்றைக்கு அவரவர் வீட்டு அடுப்படியில் மஞ்சளும் செம்பருத்தியும் வைத்து அமிலம், காரம் பார்த்துக்கொண்டிருந்தோம். சோப்புத் தண்ணீர் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதே தண்ணீரில் செம்பருத்திச் சாறு பச்சையாக மாறியதும் ஒரே கூச்சல். மாதக்கணக்கில் வீடியோவை அணைத்தே வைத்திருந்த பையன்கூட தன் டம்ளரைக் காட்டுவதற்காக ஆன் செய்தான். நேரம் ஆகிவிட்டது, முடிக்கலாமா என்று கேட்டேன். இருப்பதிலேயே பெரியவள் சொன்னாள்: "ஹோஸ்ட்டை என்கிட்ட குடுத்துட்டு நீங்க போங்க அக்கா, நாங்க கொஞ்ச நேரம் பேசிட்டுப் போறோம்." ஹோஸ்ட் என்றால் மீட்டிங்கை நடத்தும் பொறுப்பு.

முடியாது என்றேன். "பெரியவங்க யாராவது இருந்தாத்தான் மீட்டிங் ஓடணும்மா, எல்லார் வீட்லயும் அப்படித்தானே சொல்லியிருக்கோம்." அவள் கோபப்படவில்லை. "அப்ப இதுவும் கிளாஸ்தான், இல்லக்கா?" என்று கேட்டாள், பை சொன்னாள், போய்விட்டாள்.

முடியாது என்று சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆறு வீட்டுப் பெற்றோரும் ஒரு பெரியவர் கூட இருப்பார் என்று நம்பித்தான் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளில் பலர் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. யாரோ லிங்க்கை வெளியில் அனுப்பலாம், யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம், ஒருவனைக் குறிவைத்து நாலு பேர் கிண்டல் செய்யலாம், அப்போது தடுக்க ஆள் இருக்காது. 2012 போக்சோ சட்டத்துக்கும் சரி, 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் சரி, 18 வயது ஆகாதவர் குழந்தைதான். அவள் கேட்ட விதம் நன்றாக இருந்தது என்பதற்காக, நின்ற நிலையில் நான் மட்டும் மாற்றிவிடக்கூடிய விதி இல்லை இது.

ஆனாலும் அந்தக் கேள்வி போகமாட்டேன் என்கிறது. இது வகுப்பு இல்லை, பிள்ளைகள் சேர்ந்து கற்கவும் நட்பாகவும் ஒரு இடம் என்று ஆரம்பத்தில் எல்லாரிடமும் சொன்னது நான்தானே. பள்ளிக்கூடத்தில் நட்பை யாரும் திட்டம்போட்டு வளர்ப்பதில்லை, அது இன்டர்வலில், சைக்கிள் ஸ்டாண்டில், பஸ் ஸ்டாப்பில், டியூஷன் முடிந்து வாசலில் நிற்கிற பத்து நிமிஷத்தில் தானாக நடக்கிறது, அதாவது பெரியவர்கள் கவனிக்காத நேரத்தில். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த நேரமே கிடையாது. யாரைப் பார்க்க வேண்டும் என்றாலும் இரண்டு அம்மாக்கள் போனில் பேசி நாள் குறிக்க வேண்டும்.

"பிள்ளை நாலு பேரோட பழக வேணாமா" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது பெற்றோர் சொல்லும் பதில் உண்மையானதுதான். இந்தப் பிள்ளைகள் தாத்தாவோடு, பால்காரரோடு, என்னோடு எல்லாம் தயக்கமே இல்லாமல் பேசுவார்கள். நான் வளர்ந்த வகுப்பறைகளில் இப்படிப் பேசுகிற 15 வயதுப் பிள்ளைகளைப் பார்த்ததில்லை. அதைப் பெருமையாகவே சொல்கிறேன். ஆனால் சம வயதுக்காரர்களோடு, யாரும் கேட்காதபோது பேசுவது வேறு.

பொதுவான பரீட்சை பயம்கூட இவர்களுக்கு இல்லை. என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பை ஏப்ரல்-மேயிலும் எழுதலாம், அக்டோபர்-நவம்பரிலும் எழுதலாம், பதிவு செல்லுபடியாகும் ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்பு. ஒருத்தி இரண்டு பாடத்தை முடித்துவிட்டுத் தையல் கற்கிறாள், இன்னொருவன் ஐந்தையும் ஒரே மூச்சில் எழுதப் போகிறான். அந்தச் சுதந்திரத்துக்காகத்தான் இந்த வழிக்கே வந்தார்கள். ஆனால் சேர்ந்து பயப்பட ஒரு நாள் இல்லை, சேர்ந்து திட்ட ஒரு வாத்தியாரும் இல்லை. இவர்களுக்குப் பொதுவாக இருப்பது வியாழக்கிழமை ஒன்றரை மணி நேரம்தான். அதிலும் நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

முன்பு ஜூமில் இலவசக் கணக்கு வைத்திருந்தோம். 40 நிமிஷத்தில் அறுந்துவிடும், அதே லிங்க்கில் திரும்ப வருவோம். ஹோஸ்ட் வருவதற்கு முன்பே நுழையலாம் என்ற செட்டிங் அப்போது திறந்தே கிடந்தது. நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சேர்வதற்குள் அவர்கள் ஒரு கன்றுக்குட்டியைப் பற்றியோ அண்ணன் வாங்கிய பழைய பைக்கைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பார்கள். "அக்கா வந்தாச்சு" என்று ஒரு குரல், உடனே அமைதி. ஒரு அப்பா அதைக் கவனித்துச் சொன்ன பிறகு செட்டிங்கை மூடினேன், கட்டணக் கணக்குக்கும் மாறினோம். பிரேக்அவுட் அறைகளில், அதாவது அதே மீட்டிங்குக்குள் பிரிக்கிற சின்னத் தனி அறைகளில், இரண்டிரண்டு பேராக விட்டுப் பார்த்தேன். கொடுத்த கேள்வியை முடித்துவிட்டு, நான் எப்போது எட்டிப்பார்ப்பேன் என்று காத்திருந்தார்கள்.

அப்புறம் அந்த வீடியோ பையன். பள்ளியில் கூடப் படித்தவர்கள் செய்த கொடுமையில் எட்டாம் வகுப்போடு நின்றவன். பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்பதால்தான் சேர்த்துவிடுகிறேன் என்று அவன் அம்மா முதல் நாளே சொன்னார். அன்றைக்கு அவன் வீடியோவை ஆன் செய்தது நான் இருந்தபோதுதான், அதை நான் எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மற்றவர்கள் என்னை மறந்துவிட்டிருந்த ஒரு நிமிஷம் அது. அவள் ஹோஸ்ட் கேட்டபோது அவன் வீடியோ இன்னும் ஆனில்தான் இருந்தது. அவனும் இருந்து பேச விரும்பினானா, நான் முடியாது என்றதும் நிம்மதியானானா, முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது பெற்றோருக்கு ஒரு யோசனை எழுதி அனுப்பியிருக்கிறேன். கடைசி அரை மணி நேரம் நான் வெளியேறிவிடுகிறேன், ரெக்கார்டிங் கிடையாது, ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர் யாராவது பக்கத்து அறையில் இருந்தால் போதும், விதிகளைப் பிள்ளைகளே எழுதட்டும். சிலர் சரி என்றார்கள், சிலர் யோசிக்கிறார்கள். வேண்டவே வேண்டாம் என்று சொன்னவர் அவன் அம்மா மட்டும்தான், அவர் பக்கம் முழு நியாயம் இருக்கிறது. அவனை மட்டும் முன்னாலேயே அனுப்பிவிட்டு மற்ற ஐந்து பேரைப் பேச விடுவது என்றால் பள்ளிக்கூடம் அவனுக்குச் செய்ததையே நானும் செய்த மாதிரி ஆகும். அவனுக்காக ஐந்து பேருக்கும் மறுத்தால், காரணம் யார் என்பதைப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவனிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கேட்டால் அவன் அம்மாவுக்குப் பிடித்த பதிலைச் சொல்லலாம், சொல்லாமல் கேட்டால் அவர் என்னை நம்பி விட்டதற்கு அர்த்தமில்லை. வியாழக்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டும்.