வர்க்கி: ஏடு பிரிந்துவிட்டது, நடுப்பாகம்தான் இன்னும் வழிக்கு வரவில்லை

கடைசியில் ஏடு பிரிந்துவிட்டது! வர்க்கி என்றால் டீயில் தொட்டுச் சாப்பிடுகிற எங்கள் ஊட்டிப் பக்கத்து மொறுமொறுப் பலகாரம். நேற்று சாயங்காலம் மின்சார அவனிலிருந்து (ஓவன்தான்) எடுத்த வர்க்கியை இரண்டு விரலால் லேசாக அழுத்தினேன். மேல்பக்கம் ஏடு ஏடாகப் பிளந்து தட்டெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. உடனே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் நம் ஆட்களுக்குப் போட்டேன். வாழ்த்து வந்ததா என்று கேட்காதீர்கள். மணப்பாறை அண்ணன், "ஏப்பா, மார்க்கெட்ல வாங்கின பில்லைத் தூக்கிப் போட்டுட்டியா?" என்றார். மதுரை அக்கா, "உடைச்ச பக்கத்தைக் காட்டு தம்பி, மேல்பக்கத்தை யாரு வேணா அழகா எடுக்கலாம்" என்றார். உடைத்த பக்கத்தையும் எடுத்துப் போட்டேன். அதற்கு யாரிடமிருந்தும் பதில் இல்லை. அதை வெற்றி என்றே கணக்கு வைத்துக்கொண்டேன்.

மணப்பாறை அண்ணனுக்கு வர்க்கி என்றாலே ஒரு இளக்காரம். ஊட்டி வர்க்கிக்கும் மணப்பாறை முறுக்குக்கும் 2023ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே செட் என்று அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார். இந்தப் பேச்சு எடுத்தாலே பழநித் தம்பி, "எங்க பஞ்சாமிர்தத்துக்கு 2019லயே வாங்கியாச்சுண்ணே, சீனியருக்கு மரியாதை கொடுங்க" என்று நடுவில் வந்துவிடுவான். கொடைக்கானல் மலைப்பூண்டும் அதே 2019 என்பதால் அதையும் தன் கணக்கிலேயே எழுதிக்கொள்வான். அக்கா சும்மா இருப்பாரா, "மதுரை மல்லி 2013, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்றார். எங்கள் நீலகிரித் தோடர் மக்களின் சால்வை எம்பிராய்டரிக்கும் 2013தான் என்று நான் எடுத்துப் போட்டதும், "சால்வையை டீயில தொட்டுச் சாப்பிட முடியுமா?" என்று கேட்டார். மல்லிகைப்பூவை மட்டும் முடியுமா அக்கா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மைதா, சர்க்கரை, உப்பு, வனஸ்பதி அளவெல்லாம் ஏற்கெனவே பேசி அலுத்ததுதான். புளிப்பு மாவைப் பற்றியும் நீட்டி முழக்கப் போவதில்லை. ஈஸ்ட் கிடையாது. வாழைப்பழம், ரவை, மைதா, சர்க்கரை, உப்பு சேர்த்துப் புளிக்கவிட்டு, அதில் கொஞ்சத்தை அடுத்த முறைக்கு எடுத்து வைக்கிற வழிதான். குன்னூர்க் குளிரில் அது எழுந்திருக்க மாட்டேன் என்று கம்பளிக்குள்ளேயே கிடந்தது. அவனைச் சூடாக்காமல் உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவை அதில் வைத்துக் கதவைச் சாத்தினால் நன்றாகப் பொங்குகிறது. இதைப் பார்த்த அம்மா இட்லி மாவையும் உள்ளே தள்ளிவிட்டார். இந்த மலையில் இட்லி மாவு புளிக்க வைக்கிற பாடு இங்கே குடும்பம் நடத்துகிறவர்களுக்குத்தான் தெரியும். இப்போது அவன் பாதி நாள் இட்லி மாவுக்கு வாடகைக்குப் போய்விடுகிறது. வர்க்கி சுட வேண்டுமென்றால் நான் அம்மாவிடம் நேரம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

என்னைப் படுத்தியெடுத்தது வனஸ்பதி.

ஏடு பிரிய வேண்டுமானால் மாவுக்கும் மாவுக்கும் நடுவில் கொழுப்பு அறுபடாமல் மெல்லிசாகப் பரவியிருக்க வேண்டும். அவன் சூட்டில் மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி ஏட்டைத் தூக்கும், நடுவில் கொழுப்பு இருப்பதால் ஏடுகள் திரும்ப ஒட்டிக்கொள்ளாது. அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் வனஸ்பதி இறுகியிருந்தால் தேய்க்கும்போது சில்லு சில்லாக உடைந்து மாவைக் குத்திக் கிழிக்கும். உருகிவிட்டாலோ மாவு அதைக் குடித்துவிடும். அப்புறம் ஏடு ஏது, பிஸ்கட்தான் வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் இருக்கிறது. அந்தப் பதம் என் சமையலறையில் ஐந்து நிமிடம்கூட நிற்காது.

வனஸ்பதி உருகவே ஏறக்குறைய நம் உடம்புச் சூடு வேண்டும். காலை நேரத்தில் எங்கள் சமையலறையில் 13 டிகிரி. பாக்கெட்டைப் பிரித்தால் கத்தி இறங்காது. வெயிலில் வைத்தால் மேலே எண்ணெயாக மினுக்கும், உள்ளே கல். மைக்ரோவேவில் வைத்தால் நடுவில் குளம், ஓரத்தில் கல். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்தால் வெயில் கதையேதான். கேரட் துருவியில் துருவிப் பார்த்தேன். பூப்பூவாக அழகாக விழுந்தது, மாவின் மேல் தூவி மடித்தேன், தேய்த்தால் மறுபடி கட்டி கட்டியாக ஆங்காங்கே முட்டிக்கொண்டு நின்றது.

மதுரை அக்காவின் கதை இதற்கு நேர் எதிர். அவர் வீட்டில் பப்ஸ் செய்கிறவர். சித்திரை வெயிலில் அங்கே வெண்ணெய், வனஸ்பதி எதுவும் நிற்காது. ஐஸ் தட்டைச் சமையல் மேடையில் வைத்து மேடையைக் குளிர வைத்து, அவசர அவசரமாகத் தேய்த்து, மடித்து, ஃப்ரிட்ஜுக்குள் ஓடவேண்டும். "உங்க ஊர் குளிர்ல பாதிய எங்களுக்கு அனுப்பு" என்பார். கூரியரில் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் அக்கா.

அந்த ஐஸ் தட்டுப் பேச்சில்தான் எனக்குப் பொறி தட்டியது. மேடையைக் குளிர வைத்தால் வனஸ்பதி இறுகும் என்றால், என் வீட்டு கிரானைட் மேடை பிறந்ததிலிருந்தே ஐஸ் தட்டுதானே! இணையத்தில் எந்த வீடியோவைப் பார்த்தாலும், "கிரானைட் மேல செய்யுங்க, சில்லுன்னு இருக்கும், கொழுப்பு உருகாது" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். சமவெளிக்காரர்களுக்கு அது சரி. இங்கே நான் கையில் பதமாகக் குழைத்து எடுத்து வந்த வனஸ்பதியைக் கீழிருந்து அந்தக் கல் உறிஞ்சி இறுக வைத்துக்கொண்டிருந்தது. மாவைத் திருப்பிப் போட்டுத் தொட்டுப் பார்த்தேன். மேல் மடிப்பு மெத்தென்று இருந்தது, அடி மடிப்பில் வனஸ்பதி வெடித்திருந்தது. ஒரே மாவு, இரண்டு பக்கம் இரண்டு பதம்.

மரப்பலகைக்கு மாறினேன். அதற்கு ஒரு தனிக்கதை. வீட்டிலிருந்த பெரிய பலகை என்றால் மணைப்பலகைதான். எடுத்துக் கழுவியதுமே, "உட்கார்ற பலகையில மாவு தேய்ப்பியா?" என்று அம்மா பிடுங்கிக்கொண்டார். உடைந்த கட்டிலின் தேக்குப் பலகை ஒன்று பரணில் கிடந்தது. ஆசாரியிடம் கொடுத்துப் பழைய பாலிஷெல்லாம் போக இழைத்து வாங்கினேன். "என்ன சார், பூஜைக்கா?" என்றார். வர்க்கிக்கு என்றதும் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கூலியில் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார். பரிதாபமா, மரியாதையா என்று தெரியவில்லை.

பலகை வந்த அன்றே மாற்றம் தெரிந்தது. இப்போது செய்கிற விதம் இதுதான்: வனஸ்பதியில் கொஞ்சம் மைதா சேர்த்து உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துக் குழைக்கிறேன். ஸ்பூன் வேண்டாம், கைச்சூடுதான் வேலை செய்கிறது. மைதா சேர்வதால் சட்டென்று உருகுவதும் இல்லை, சட்டென்று இறுகுவதும் இல்லை. பிறகு மாவு உருண்டை, வனஸ்பதி, பலகை மூன்றையும் கணப்புக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் ஒன்றாக வைத்துவிடுகிறேன். விரலால் அழுத்தினால் மாவு எவ்வளவு அமுங்குகிறதோ வனஸ்பதியும் அவ்வளவே அமுங்க வேண்டும். தெர்மாமீட்டரை நம்புவதைவிட இந்த விரல் கணக்கு மேல். இரண்டும் ஒரே பதத்தில் இருந்தால் தேய்க்கும்போது இரண்டும் சேர்ந்தே விரிகின்றன, கிழியவே இல்லை. மணப்பாறை அண்ணன் சொன்னபடி பரோட்டாவுக்கு இழுக்கிற மாதிரி ஓரங்களைப் பிடித்து இழுத்தேன். பலகையின் ரேகை தெரிகிற அளவுக்கு மெல்லிசாக வந்தது. (ஆமாம் அண்ணே, இது உங்கள் யோசனைதான். இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.) மேலே வனஸ்பதியைத் தடவி, மடித்து, ஓய்வு கொடுத்து, மறுபடி இழுத்து மடித்து, கையாலேயே கிள்ளிக் கிள்ளித் தட்டில் வைத்தேன். வட்டமாக வெட்டினால் பார்க்க பேக்கரி பிஸ்கட் போல ஆகிவிடும். வர்க்கிக்குக் கோணல்தான் அழகு.

இங்கே ஒரு சந்தில் விறகு அடுப்பில் வர்க்கி போடுகிற மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். பலகை விஷயத்தைச் சொன்னபோது சிரித்துவிட்டுத் தன் மேசையைத் தட்டிக் காட்டினார். மர மேசை, அதுவும் அடுப்பை ஒட்டியே போட்டிருக்கிறது. நாள் முழுக்க வெதுவெதுப்பு குறையாது. அளவு, சூடு என்று எதைக் கேட்டாலும் "கையில பாருங்க" என்பதுதான் அவர் பதில்.

சாமான் விஷயம் கொஞ்சம். மைதாவும் வனஸ்பதியும் குன்னூர் மார்க்கெட்டிலேயே வாங்குகிறேன், குறையில்லை. பழநித் தம்பி, கோவையில் பேக்கரி சாமான் கடையில் பப்ஸ் மார்ஜரின் தகடு தகடாகக் கிடைக்கும், அதைப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஏடு வரும் என்கிறான். வரும்தான். வாயில் மெழுகும் வரும். எனக்கு வேண்டாம். நெய்யில் ஒரு முறை செய்ய ஆசை இருக்கிறது. ஆனால் அதன் பதம் இன்னும் சீக்கிரம் மாறும், விலையையும் பார்க்க வேண்டும். அப்புறம் நெய் வாசனைக்குக் கரடி வருமே என்ற பயம் வேறு. சமவெளிக்காரர்கள் சிரிக்காதீர்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கரடி கதவை உடைத்து உள்ளே புகுந்து எண்ணெயையும் நெய்யையும் காலி செய்துவிட்டுப் போன செய்தி அடிக்கடி வரும். இரவில் சுடுகிறபோது பின்கதவுத் தாழ்ப்பாளை அம்மா இரண்டு தடவை பார்க்கிறார்.

ஆன்லைனில் ஒரு அவன் தெர்மாமீட்டர் வாங்கினேன், அதைச் சொல்லாமல் விட முடியாது. நான் ஸ்வெட்டர், குல்லா சகிதம் உட்கார்ந்திருக்கிற அறையில் அது 31 டிகிரி காட்டுகிறது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், மழை, மலைப்பாதை, நாளைக்கு, நாளன்றைக்கு என்று ஒவ்வொரு காரணம். இப்போது அது ஷோகேஸில் நிற்கிறது.

இனி மிச்சமிருக்கும் தலைவலி. ஏடு பிரிகிறது, நிறம் வருகிறது, ஆனால் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மெத்தென்றே இருக்கிறது. கடை வர்க்கி மையம் வரைக்கும் மொறுமொறுவென்று இருக்கும். குன்னூர் 1,800 மீட்டருக்கு மேலே இருப்பதால் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆவி சீக்கிரம் கிளம்புவது ஏடு தூக்க நல்லதுதான். ஆனால் மேல்பக்கம் சட்டென்று காய்ந்து ஓடு கட்டிவிட, உள்ளே இருக்கிற ஈரம் மாட்டிக்கொள்கிறது என்பது என் ஊகம். விறகு அடுப்பில் வேறு கணக்கு. விறகை எரித்து அடுப்பைச் சூடேற்றிவிட்டு, தணலை ஒதுக்கிவிட்டுத் தட்டை உள்ளே தள்ளுவார்கள். முதலில் நல்ல சூடு, பிறகு தானாக இறங்கிக்கொண்டே போகும். அந்த இறங்கு சூட்டில்தான் வர்க்கி உள்ளே வரைக்கும் காய்கிறது. என் மின்சார அவனோ நின்று நின்று எரிகிறது. அதனால் 200ல் ஆரம்பித்து நிறம் வந்ததும் 140க்கு இறக்கி, அப்புறம் அணைத்துவிட்டுக் கதவில் மரக்கரண்டியைச் சொருகி, லேசாகத் திறந்த மாதிரி விட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். நேற்றைய தட்டில் பாதியை அப்படி வைத்ததில் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது. முழுத்தட்டும் செய்து பார்க்க இட்லி மாவு வெளியே வந்தாக வேண்டும்.

இதற்குள் அடுத்த திட்டம் மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது. பின்பக்கம் சின்னதாக ஒரு விறகு அடுப்பு கட்ட வேண்டும். நெருப்புச் செங்கல் மேட்டுப்பாளையத்தில் விசாரித்திருக்கிறேன், மேலே ஏற்றிக் கொண்டுவர லாரிக்காரர் சொல்கிற வாடகைதான் செங்கல் விலையைத் தாண்டுகிறது. விறகுக்குக் கவலையில்லை, பக்கத்துத் தோட்டத்தில் சீகை மரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள், சொல்லி வைத்திருக்கிறேன். கற்பூர மர விறகு போட்டால் வர்க்கியில் தைல வாசனை வருமா என்று மணப்பாறை அண்ணன் கேட்கிறார். வந்தால் என்ன அண்ணே, சளிக்கு ஆகும்.

பார்சல் கேட்டவர்களுக்கு: இப்போதைக்கு ஏடு மட்டும்தான் தேறியிருக்கிறது, நடுவும் காய்ந்த பிறகுதான் அனுப்புவேன். தகர டப்பாவில்தான் வரும். டப்பாவைத் திருப்பி அனுப்ப வேண்டும், இதை முக்கியமாகப் பழநித் தம்பிக்குச் சொல்கிறேன்.

அக்கா கோடை விடுமுறையில் நேரிலேயே வந்து சாப்பிட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும், மலையடிவாரத்துக் கல்லாறு வரைக்கும் வந்துவிட்டு எனக்குப் போன் போடாதீர்கள் அக்கா. வருகிற வழியில் கோவையில் சரியான அவன் தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கி வாருங்கள். காசைக் கொடுத்துவிடுகிறேன், வர்க்கியாக இல்லை, பணமாகவே.