பங்கு ஒருத்தருது, சாவி இன்னொருத்தருது

ஊர் திரும்பி இரண்டு நாள் ஆகிறது. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, கோபமும் தணியவில்லை.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஹோட்டலாகிவிட்ட பெரிய வீடுகளின் வாடகையைப் பார்த்து மிரண்டுபோய், அங்கே ஒரு பரம்பரை வீட்டில் பங்குள்ள ஒரு பங்காளியிடம் நேரடியாக அறை பேசினேன். சென்னையில் இருக்கிறவர், 'அண்ணன்' என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு இரவுக்கு 5,000 ரூபாய், மொத்தமும் முன்பணம். "நம்ம வீடுதான், தாராளமா தங்குங்க" என்றார். அந்த 'நம்ம'வில் 11 பேர் இருக்கிறார்கள் என்று சொல்லவில்லை.

பல்லவன் ரயிலில் காரைக்குடி வந்து இறங்கும்போது ராத்திரி ஒன்பதரை தாண்டிவிட்டது. சுமார் 15 கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் 700 கேட்டார். 600-க்கு இறங்கினார். "திரும்பறப்ப காலியால்ல வரணும்" என்று வழியெல்லாம் புலம்பல். அங்கேயே பட்ஜெட்டில் ஓட்டை.

வீட்டில் காவல்காரர் கதவைத் திறக்கவில்லை. யாரும் சொல்லவில்லையாம். மனைவியும் பையனும் திண்ணையில் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்கள். டார்ச்சோடு ஓர் ஆச்சி வந்தார். "அவனுக்கு வளவுல ரெண்டு அறைதான் தம்பி. முகப்புச் சாவி பெரியவர்கிட்ட. அடுப்படி என்னுது."

வளவு என்றால் முற்றத்தைச் சுற்றிய உள்வீடு, முகப்பு என்றால் வீட்டின் முன்பகுதி. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் வளவைச் சுற்றி அறை. ஒரே வீட்டில் தனித்தனிச் சமையல். முகப்பும் முற்றமும் பொது. பேரன், கொள்ளுப்பேரன் என்று பங்கு பெருகியதே தவிர, முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீட்டை யார் வெட்டிப் பிரிப்பது?

போன வருஷம் கொடைக்கானலில் ஒரு டைம்ஷேர்க்காரரிடம், அதாவது ரிசார்ட்டில் வருஷத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை வாங்கி வைத்திருப்பவரிடம், அவருடைய வாரத்தை வாடகைக்கு எடுத்தேன். வருஷப் பராமரிப்புக் கட்டணம் கட்டிவிட்டு, போக நேரமில்லாத மனிதர். என் பெயரில் உறுதிச்சீட்டு வாங்கி அனுப்பினார். ரிசப்ஷனில் நீட்டினேன், சாவி வந்தது. அவருக்கு வருஷத்தில் ஒரு வாரம்தான் பாத்தியதை, ஆனால் அந்த வாரம் முழுசாக அவருடையது. இங்கே 365 நாளும் பாத்தியதை, ஒரு நாளும் முழுசாக இல்லை. பங்காளி வீட்டில் தங்குகிறவர்கள் எந்த அறை, முகப்புச் சாவி யாரிடம், அந்தத் தேதியில் வீட்டில் விசேஷம் உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் போடுங்கள். அதுவும் பாதிதான்.

கழிவறை பின்கட்டில். நடுராத்திரி பையனைக் கூட்டிக்கொண்டு மூன்று கட்டு தாண்டி, செல்போன் வெளிச்சத்தில்.

ஆனால் காலையில் எல்லாம் மறந்துபோனது. வெறுங்காலில் ஆத்தங்குடித் தரை ஜில்லென்றிருந்தது. சிமெண்டும் மணலும் நிறமும்தான், சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடிமேல் வார்ப்பதால் வருகிற பளபளப்பு. பர்மாத் தேக்குத் தூணைப் பையன் கட்டிப்பிடித்துப் பார்த்தான், கை எட்டவில்லை. அடுப்படியில் ஆச்சி வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாக வைக்க வேண்டும், அதுதான் கணக்காம். ஒரு கரண்டி மாவு எண்ணெயில் விழுந்து ஒரு நொடி அடியில் கிடந்து, மெதுவாக மேலே வந்து உப்புகிறது. திருப்பிவிட்டு உடனே எடுத்துவிடுகிறார், நிறம் மாறக் கூடாது. வரமிளகாய்த் துவையலோடு எட்டு சாப்பிட்டேன். காசு கொடுக்கப் போனதற்குத் திட்டு விழுந்தது.

அந்த ருசி நாக்கில் இருக்கும்போதே குண்டு. "நாளைக்குப் படைப்பு. எல்லாரும் வர்றாக. சாயங்காலம் அறையை விட்டுடணும் தம்பி." முன்னோருக்குப் படைக்கிற நாள், அது தவறல்ல. வாடகைக்கு விட்டவரும் அந்தப் படைப்புக்குப் பங்காளிதானே! போன் போட்டேன். "அடடா, நாளைக்கா?" என்றார்.

காரைக்குடியில் லாட்ஜுக்கு 1,400 தண்டம். அண்ணனிடமிருந்து 2,500 வரவேண்டும். நேற்றும் கேட்டேன். பெரியவரைக் கலந்துகொண்டு சொல்கிறாராம்.