முறுக்குச் சத்தம்

காலையில காசிமேட்டுல வஞ்சிரம் விலை கேட்டுட்டு நின்னேன். கூடைக்கார அக்கா என் தலையையே பார்த்துச்சு.

"இன்னா சார், தொப்பி புச்சா கீது?"

மெல்போர்ன்ல ஆஸ்திரேலியன் ஓபன் டென்னிஸ் பார்க்கப் போனப்ப வாங்கினது. உண்மையைச் சொன்னா மீன் விலை ஏறிடும்னு "தம்பி குடுத்தான்"னு மழுப்பிட்டேன்.

ரெண்டு நாள் நானும் என் வீட்டுக்காரியும் வெளிக்கோர்ட்டுங்கள்ல சுத்தினோம். பெரிய கோர்ட்டான ராட் லேவர் அரங்குக்கு ஒரே ஒரு ராத்திரி. அதுக்கு மேல பர்ஸ் தாங்கல.

அரங்கு நிறைய ஆளுங்க. செர்வ் போடறதுக்கு முன்னாடி பந்தைத் தட்டுறாங்க பாருங்க, அப்ப ஒரு சத்தம் இல்ல.

அந்த நேரம் பார்த்து இவ முறுக்கைக் கடிச்சா.

ஏர்போர்ட்டுல படிவத்துல எழுதி, பொட்டலத்தைப் பிரிச்சுக் காட்டிக் கொண்டுபோன முறுக்கு. முன் வரிசை மொத்தமும் திரும்பிச்சு. பாதி முறுக்கை வாயில வெச்சுக்கிட்டு, பாயிண்ட் முடியுற வரைக்கும் மெல்லாமலே உட்கார்ந்திருந்தா.

மறுநாள் ஊர் சுத்தல். ஃப்ளிண்டர்ஸ் தெரு ஸ்டேஷன் கட்டடம் 1910ல முடிஞ்சதாம். "நம்ம ராயபுரம் ஸ்டேஷன் 1856"ன்னு இவ விட்டுக்குடுக்கல.

அங்க நகர மையத்துல டிராம் இலவசம். நம்ம ஊர்லயும் 1895லயே டிராம் ஓடிச்சு, 1953ல நின்னுபோச்சு. தாத்தா கதை கதையா சொல்வார். அந்த மணிச் சத்தத்தைக் கேக்க நான் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

இப்ப வாசல்ல கன்டெய்னர் லாரி ஹாரன் அடிச்சுட்டே நிக்குது. இவ ஜன்னலோரமா உட்கார்ந்து கடக்குமொடக்குன்னு முறுக்கு கடிக்கிறா.