மஃப்ளர் போய்விட்டதாம்

"உங்கள் மஃப்ளர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று கார் கராஜிலிருந்து ஒரு பெண் போனில் ஆங்கிலத்தில் சொன்னபோது என் கை தன்னால் கழுத்துக்குப் போனது. அம்மா வாங்கி அனுப்பிய பழுப்பு மஃப்ளர் அங்கேயேதான் இருந்தது. கோயம்புத்தூர்க்காரனுக்கு மஃப்ளர் என்றால் மார்கழியில் காதோடு சேர்த்துக் கட்டுவது. காருக்கு அடியில் இருப்பது சைலன்சர். சிரிப்பு வந்தது. 1,860 டாலர், அதற்கு மேல் 13% வரி என்றதும் நின்றுவிட்டது.

கனடா வந்து ஆறு வருஷம். டாலரை ரூபாயாக்கிப் பார்க்கும் வியாதி தீர்ந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அன்றைக்குப் போனை வைப்பதற்குள் பெருக்கிவிட்டேன். லட்சத்தைத் தாண்டியது. அப்பா ஊரில் எங்கள் மாருதி 800-ஐ செகண்ட் ஹேண்டில் வாங்கியதே 65 ஆயிரத்துக்குத்தான்.

வண்டிக்கு வந்த கோளாறு ஒரு சத்தம். பிப்ரவரிக் குளிரில் ஸ்டார்ட் செய்தால் அடியில் கடகடவென்று, தகர டப்பாவில் பட்டாணி போட்டுக் குலுக்குகிற மாதிரி. வேகமெடுத்தால் அடங்கும், சிக்னலில் நின்றால் மறுபடி ஆரம்பிக்கும். மிஸ்ஸிசாகாவில் வீட்டுக்குப் பக்கத்துப் பெரிய கராஜில் விட்டேன். பணம்கூடப் பரவாயில்லை, வண்டியைப் பார்த்த ஆளை என் கண்ணில் காட்டவே இல்லை, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. காபி உண்டு, டிவி உண்டு, நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். இன்சூரன்ஸ் காரணமாக உள்ளே விடமாட்டார்களாம். என் வண்டிக்கு என்ன என்று அதைத் தொடாத ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்த்து எனக்குப் படித்துச் சொல்கிறார்.

சிங்காநல்லூரில் எங்கள் மெக்கானிக் அண்ணன் வேப்பமரத்தடியில் பானெட்டைத் திறந்து, ஸ்க்ரூ டிரைவர் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடுவார். சுற்றி நிற்கிற நாங்களும் மூச்சு விடமாட்டோம். டார்ச் பிடிப்பது நான், டீ சொல்வது அப்பா. எதிர்க்கடைக்காரர் வந்து "பெல்ட்டா இருக்குமுங்க" என்பார், பஸ்ஸுக்கு நிற்பவர் "பேரிங்" என்பார். செகண்ட் ஒப்பீனியன் என்று தனியாகத் தேடிப் போனதே இல்லை, வேண்டாம் என்றாலும் நாலு கிடைக்கும்.

பார்த்ததற்கு மட்டும் 130 டாலர் கட்டி வண்டியை எடுத்து வந்துவிட்டேன். இங்கே ராத்திரி ஒன்பதரை, அங்கே காலை எட்டு. அப்பா போனோடு பட்டறைக்கே நடந்துவிட்டார். நான் பனியில் முட்டி போட்டு, வாட்ஸ்அப்பை வண்டிக்கு அடியில் நீட்டினேன், மனைவி உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் திரையை விலக்கிப் பார்த்தார், பார்க்கட்டும்.

"இன்னொருக்கா அமத்தச் சொல்லுங்க" என்றார் அண்ணன். அப்புறம், "சைலன்சருக்கு ஒண்ணும் இல்லீங்க தம்பி. ஓட்டை விழுந்திருந்தா பொடபொடன்னு ஊதும். இது தகரம் ஆடுது."

சனிக்கிழமை 401 நெடுஞ்சாலையைப் பிடித்து ஸ்கார்பரோ போனேன், ஆபீஸ் நண்பன் சொன்ன யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரின் கராஜுக்கு. வண்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டு, "இஞ்ச வாரும் தம்பி, நீரே பாரும்" என்றார். ஆறு வருஷத்தில் முதல்முறையாக என் வண்டிக்கு அடியில் நின்றேன், கையில் அவரே கொடுத்த டார்ச். சூடு மேலே ஏறாமல் இருக்க எக்ஸாஸ்ட் குழாய்க்கு மேல் மெல்லிய தகடு ஒன்று உண்டு. பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு அதன் போல்ட்டுகளைத் தின்று முடித்திருந்தது. விரல் முட்டியால் தட்டினார், அதே பட்டாணிச் சத்தம்.

"தகரம்தான் ஆடுது. எவ்வளவு கேட்டவங்கள்?"

சொன்னேன். பதில் சொல்லாமல் உள்ளே போய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்ப் இரண்டைக் கொண்டுவந்து சுற்றி முறுக்கினார். 40 டாலர். முறுக்கிக்கொண்டே பாடமும் நடந்தது: இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் எஸ்டிமேட்டை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும், எழுதியதற்கு மேல் 10%-ஐத் தாண்டி பில் போட முடியாது, மாற்றிய பழைய சாமானைக் கையில் தரச் சொல்லலாம். "கேக்காட்டி ஒருத்தனும் தரமாட்டான்" என்றார். இதெல்லாம் தெரியாமல்தான் இங்கே ஊன்றிவிட்டேன் என்று பீற்றிக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி மறுபடி பட்டறைக்குப் போன் போட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

"ஒண்ணும் கேக்கலியேங்க தம்பி?"

"அதுதாங்கண்ணா, சரியாயிருச்சு."

கொஞ்ச நேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் போல. பின்னால் யாரோ டீ கிளாஸை வைக்கும் சத்தம் கேட்டது.

"சரிங்க. எதுக்கும் ஊருக்கு வர்றப்ப வண்டிய ஒருக்கா கொண்டாந்து காட்டிருங்க."

சரிங்கண்ணா என்றேன்.