இருட்டைப் பற்றி நான்கு வரிகள்

ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளிடம் "மகிழ்ச்சியைப் பற்றி ஒரு கவிதை எழுதுங்கள்" என்று சொன்னால், பெரும்பாலும் பாடப்புத்தகத்தில் படித்த வரிகளே திரும்பி வரும். அம்மா அன்பானவள், நிலா அழகானது, பள்ளிக்குச் செல்வது இன்பம் என்று ஓசைக்காகத் தேடி எழுதிய அந்த வரிகளில், எழுதிய பிள்ளை எங்கும் தென்படாது. எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளோடு எழுதிப் பழகும் நான், குறை நாம் கேட்கும் விதத்தில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். உணர்வின் பெயரைச் சொல்லி எழுதச் சொல்வதைவிட, அது எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் பக்கத்தில் இருந்தபோது வந்தது என்று கேட்பது நல்லது.

இந்த வழி நமக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தில் உணர்வுகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என எட்டு உணர்வுகளையும் பெயர் சொல்லிவிட்டு நின்றுவிடாமல், ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கிறது என்று நந்நான்கு நிலைக்களன்களை அடுக்குகிறது. அச்சமானது அணங்கு (பேய் போன்றவை), விலங்கு, கள்வர், தம் இறை (தமக்கு மேலானவர்) ஆகிய நான்கால் வரும் என்கிறது. எதற்கெல்லாம் பயம் என்று பிள்ளைகளிடம் கேட்டுக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள்: புளியமரத்துப் பேயும், தெருமுனை நாயும், ராத்திரி வரும் திருடனும், ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வேண்டிய அப்பாவும் அதே வரிசையில் வந்து நிற்பார்கள். பெருமிதத்தின் நான்கு களன்களில் ஒன்று கொடை. பக்கத்தில் இருப்பவளுக்கு அழிரப்பரைப் பாதியாக ஒடித்துக் கொடுத்த சிறுமிக்கு அது கொடையேதான், அதைப் பற்றி அவளால் எழுத முடியும். இந்தப் பெயர்களைப் பிள்ளைகளிடம் நான் சொல்வதில்லை. எதைக் கேட்பது என்று எனக்குள் வகுத்துக்கொள்ள மட்டும் அவை உதவுகின்றன.

மூன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் "எனக்கு இருட்டு என்றால் பயம்" என்று எழுதிவிட்டுப் பென்சிலை வைத்துவிட்டான். கரண்ட் போனபோது எங்கே இருந்தாய், கூட யார் இருந்தார்கள், முதலில் என்ன செய்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவன் வாயால் சொன்னதை, சொன்னபடியே எழுதச் சொன்னேன்.

கரண்டு போச்சு
அம்மா எங்கன்னு கேட்டேன்
அடுப்படியில இருக்கேன்னு சொன்னாங்க
இருட்டு சின்னதா ஆயிடுச்சு

பயம் என்ற சொல் இதில் எங்குமே வரவில்லை, ஆனாலும் படிப்பவருக்கு முதல் வரியிலேயே அது புரிந்துவிடுகிறது. கடைசி வரியைப் பெரியவர் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. இதை வாங்கி "மின்சாரம் தடைப்பட்டது" என்று திருத்தினால், அந்த வீடும் அடுப்படியிலிருந்து வந்த குரலும் காணாமல் போய்விடும். அதனால் பேச்சுத்தமிழை நான் தொடுவதில்லை, எழுத்துப்பிழைகளையும் அன்றைக்குத் திருத்துவதில்லை. எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, மூச்சு நிற்கும் இடத்தில் ஒரு சிறு கோடு போடச் சொல்கிறேன். அதுவே வரி முடியும் இடம். இன்னும் எழுத வராத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல, ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் நாம் எழுதி, விரலால் காட்டிக்கொண்டே திரும்பப் படித்துக் காட்டினால் போதும்.

அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோக், 1968இல் நியூயார்க் நகரின் பி.எஸ். 61 என்னும் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளுக்குக் கவிதை கற்பிக்கத் தொடங்கியபோது, வரி முடிவில் ஓசை ஒத்து வரும் இயைபு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வரிகளுக்குத் தொடக்கத்தை மட்டும் கொடுத்தார். ஒவ்வொருவரும் ஓர் ஆசையை ஒரு வரியில் எழுத, எல்லாவற்றையும் சேர்த்து வகுப்பே எழுதிய ஒரே கவிதையாக உரக்கப் படித்தார். தன் வரி எதுவென்று பிறருக்குத் தெரியாது என்பதால், கூச்சமுள்ள பிள்ளையும் துணிந்து எழுதும். "முன்பு நான்... ஆனால் இப்போது..." என்பதும் அவர் கொடுத்த சட்டகங்களுள் ஒன்று. அதை "முன்னாடி நான்", "இப்போ நான்" என்று வைத்துக்கொண்டால் நம் பிள்ளைகளுக்கும் அழகாகப் பொருந்துகிறது. மோனையைப் பற்றி நாம் கவலைப்படவே வேண்டாம், தமிழில் நாலு வரி பேசினாலே அது எங்காவது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கோபத்தைப் பற்றி எழுத வைப்பதுதான் கடினம், அதற்குக் காரணம் பெரும்பாலும் பெரியவர்கள். "தம்பி பொறந்த அப்புறம் அம்மா மடியில இடமே இல்ல" என்று ஒரு சிறுமி எழுதினாள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய அம்மா, "அப்படியெல்லாம் எழுதக்கூடாதும்மா" என்றார். அவள் உடனே அதை அடித்துவிட்டு, தம்பி அழகாகச் சிரிப்பான் என்று எழுதினாள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம், ஆனால் முதல் வரிதான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அன்றிலிருந்து, எழுதும் நேரத்தில் பெற்றோரை வெளியே உட்காரும்படி கேட்டுக்கொள்கிறேன். போட்டி, பரிசு எதுவும் வைப்பதில்லை, பிள்ளை சம்மதிக்காமல் எந்தக் கவிதையையும் சுவரில் ஒட்டுவதும் இல்லை.

யாரோ அடிக்கிறார்கள், தொடக்கூடாத விதத்தில் தொடுகிறார்கள் என்று ஒரு பிள்ளை எழுதிவிட்டால், அதைக் கவிதையாகப் பார்க்கும் வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, துருவித் துருவிக் கேட்காமல் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, 24 மணி நேரமும் இயங்கும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த வேலையில் இறங்கும் ஒவ்வொருவரும் முதல் நாளே இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் மருட்கையை எடுத்துக்கொள்ளப் போகிறோம். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற அதன் நான்கு களன்களில், மிகச் சிறியதைக் கண்டு வியப்பது பிள்ளைகளுக்கு எளிதாக வரும் என்று நினைக்கிறேன். ஆளுக்கொரு பூதக்கண்ணாடி கிடைக்காது என்பதால், இரண்டு பேருக்கு ஒன்றாகக் கொடுத்து, எறும்புப் புற்றைப் பார்க்கவிட்ட பிறகு எழுதச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.