மறுக்க இடம் இருந்ததா?

“இன்று அழகாக இருக்கிறீர்கள்” என்ற வாக்கியம் வெறும் பாராட்டா, பாலியல் துன்புறுத்தலா என்று என்னிடம் யாரேனும் கேட்டால், அந்தக் கேள்விக்கு நேராக விடை சொல்ல முடியாது என்றுதான் சொல்வேன். சொன்னவர் யார், கேட்டவர் யார், இருவரில் ஒருவருடைய சம்பளமோ விடுப்போ மதிப்பெண்ணோ மற்றவரின் கையெழுத்தில் இருக்கிறதா, சொன்னது எத்தனையாவது முறை, சொன்ன பிறகு கண்கள் எங்கே நின்றன என்பவையெல்லாம் தெரியாமல், வெறும் சொற்களை மட்டும் எடுத்து எடைபோட இயலாது. ஆனால் நாம் பெரும்பாலும் செய்வது அதைத்தான். “என்ன சொன்னார்? இவ்வளவுதானா?” என்று கேட்டு, அந்த ‘இவ்வளவுதானா’விலேயே தீர்ப்பையும் எழுதிவிடுகிறோம்.

இதை எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு, வயதிலும் பதவியிலும் என்னைவிட இளையவரான ஒரு பெண் எங்கள் பிரிவில் சேர்ந்தார். என் மேசையைக் கடந்துதான் அவர் தம் இருக்கைக்குச் செல்ல வேண்டும். அவர் கடக்கும்போதெல்லாம் உடையைப் பற்றியோ கூந்தலைப் பற்றியோ ஏதேனும் ஒரு பாராட்டைச் சொல்வது என் வழக்கமாயிற்று. அவர் சிரித்தபடி நன்றி சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சிரிப்பை மகிழ்ச்சி என்றே நான் எடுத்துக்கொண்டேன். நான்கைந்து மாதங்கள் கழித்து, நெடுநாளாக உடன் பணியாற்றிய தோழி ஒருவர் என்னைத் தனியே அழைத்து, அந்தப் பெண் சில வாரங்களாகப் பின்பக்க மாடிப்படி வழியாகச் சுற்றிக்கொண்டு வருவதைக் கவனித்தீர்களா என்று கேட்டார். நான் கவனித்திருக்கவில்லை. என் மேசையைத் தவிர்ப்பதற்காக ஒருவர் நாள்தோறும் சுற்றுவழியில் நடந்துகொண்டிருந்தார்; நானோ எல்லாரிடமும் இனிமையாகப் பழகுகிறவன் என்ற நினைப்பில் இருந்தேன்.

அன்று எனக்குள் முதலில் எழுந்தது வருத்தம் அன்று, கோபம். “பிடிக்கவில்லை என்றால் என்னிடமே சொல்லியிருக்கலாமே” என்று தோழியிடம் சற்றுக் குரலை உயர்த்தியே கேட்டேன். எப்படிச் சொல்லியிருப்பார் என்பதை யோசித்துப் பார்க்க எனக்குப் பல நாட்கள் தேவைப்பட்டன. அவருடைய முதலாண்டுப் பணி மதிப்பீட்டில் என் கருத்தும் கேட்கப்படும் என்பது அவருக்குத் தெரியும். அவர் சொல்லி, நான் முகம் சுளித்திருந்தால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் என்னிடமிருந்துதான் கோப்புகளை வாங்கிச் செல்ல வேண்டும். “அவர் பாராட்டியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளத் தெரியாதவள்” என்ற பெயர், வேலையில் தம் திறமையைக் காட்டுவதற்கு முன்பே அவரைத் தொற்றிக்கொள்ளும். ‘சொல்லியிருக்கலாமே’ என்பது, சொல்வதால் எதையும் இழக்காத ஒருவரின் வாதம்.

அன்றிலிருந்து, பாராட்டுக்கும் துன்புறுத்தலுக்கும் நடுவிலான கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்கும்போதெல்லாம், சொல்லப்பட்ட சொற்களை விட்டுவிட்டு, கேட்டவருக்கு மறுக்க இடம் இருந்ததா என்பதையே முதலில் பார்க்கிறேன். ‘வேண்டாம்’ என்று இயல்பாகச் சொல்லிவிட்டு, அதற்காக எந்த விலையும் கொடுக்காமல் அவரால் தம் வேலையைத் தொடர முடிந்திருக்குமா? முடிந்திருக்கும் என்றால், தவறிப்போன பாராட்டு தவறிப்போன பாராட்டாகவே முடிந்துவிடும். முடியாது என்றால், அங்கே மிகச் சாதாரணமான சொல்லுக்கும் வேறொரு கனம் வந்துவிடுகிறது.

சட்டத்தின் மொழியும் இதற்குத் தொலைவில் இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்து இந்தியாவில் 2013-இல் இயற்றப்பட்ட சட்டம், உடலைத் தொடுதல், பாலியல் இணக்கம் கோருதல், பாலியல் சாயல் கொண்ட பேச்சு, ஆபாசப் படங்களைக் காட்டுதல், சொல்லாலோ சைகையாலோ அமையும் அத்தகைய பிற நடத்தை ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. இவை அனைத்துக்கும் முன்னால் அது வைத்திருக்கும் அடைமொழி ‘விரும்பப்படாத’ என்பதே. 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வகுத்த நெறிமுறைகளிலும் இதே சொல்தான் இருந்தது. எந்தச் சொற்களைப் பேசலாம், எவற்றைப் பேசக் கூடாது என்ற பட்டியல் எதுவும் சட்டத்தில் இல்லை. அப்படி ஒன்றை எழுதவும் முடியாது. எழுதினால் பட்டியலில் இல்லாத சொற்களைக் கொண்டு அதே காரியத்தைச் செய்ய ஒரு வாரம் போதும்.

விரும்புவது வேறு, இணங்குவது வேறு என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986-இல் ஒரு வழக்கில் தெளிவாக்கியது. வங்கியொன்றில் பணியாற்றிய பெண், தம் மேலதிகாரியின் நெருக்குதலுக்கு வேலை போய்விடும் என்ற அச்சத்தால் இணங்க வேண்டியிருந்தது என்று முறையிட்டிருந்தார். அவர் தாமாகவே ஈடுபட்டாரா என்பதைப் பார்ப்பது சரியான கேள்வி அன்று, அந்த அணுகுமுறை அவருக்கு விருப்பமற்றதாக இருந்ததா என்பதையே பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அவ்வளவு கடுமையான நிகழ்வோடு என் காலைநேரப் பாராட்டுகளை ஒப்பிட நான் விரும்பவில்லை. ஆயினும் அந்த வேறுபாடு சிறிய நிகழ்வுகளுக்கும் பொருந்துகிறது. இரட்டை அர்த்தப் பேச்சு ஒன்று கூட்டத்தில் விழும்போது அங்கிருக்கும் பெண் சிரிப்பது, பல வேளைகளில் அந்த நொடியை எப்படியாவது கடந்துவிடுவதற்காக. சிரிக்காவிட்டால் எல்லாருடைய கண்களும் தம் பக்கம் திரும்பும் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சிரிப்பைச் சம்மதத்தின் கணக்கில் வரவு வைப்பது நேர்மையற்ற செயல். நான் மாதக்கணக்கில் செய்த செயல் அது.

‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்ற விளக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தப் புகாரிலும் முதலில் வந்து நிற்பது அதுதான். 1993-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், நிறுவனத் தலைவர் தம்மிடம் பணியாற்றிய பெண் மேலாளரைப் பிறர் முன்னிலையில், பெண் என்பதைக் காட்டியே இழிவாகப் பேசுவார்; சம்பள உயர்வைப் பற்றிப் பேச விடுதிக்குப் போகலாம் என்பார்; தம் கால்சட்டைப் பையிலிருந்து நாணயம் எடுத்துத் தரும்படி பெண் ஊழியர்களிடம் சொல்வார். அந்தப் பெண் நேரில் சென்று முறையிட்டபோது, தாம் விளையாட்டாகவே பேசியதாகக் கூறி வியப்புத் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்டார், இனிச் செய்யமாட்டேன் என்று உறுதியும் அளித்தார். அடுத்த மாதமே பழைய பேச்சு திரும்பியது. அந்தப் பெண் வேலையை விட்டு விலகினார். அவருடைய மனநலம் கடுமையாகப் பாதிக்கப்படவில்லை என்று கூறிக் கீழ் நீதிமன்றங்கள் கைவிட்ட அந்த வழக்கில், ஒருவர் மனம் உடைந்து விழும்வரை சட்டம் காத்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. எவ்வளவு அடிக்கடி நடந்தது, எவ்வளவு கடுமையானது, அச்சுறுத்துவதாகவோ இழிவுபடுத்துவதாகவோ இருந்ததா, அல்லது வெறுமனே முகம் சுளிக்க வைக்கும் பேச்சா, வேலையைக் குலைத்ததா என்று சூழல் முழுவதையும் பார்க்கச் சொன்னது.

அந்த வழக்கில் என்னை நிறுத்திவைப்பது ‘அடுத்த மாதமே’ என்ற இடம். முதல் முறை பேசியவர் அறியாமல் பேசினார் என்று நம்ப நான் ஆயத்தமாக இருக்கிறேன். முறையீட்டைக் கேட்ட பிறகு அறியாமைக்கு இடமில்லை. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு சொல்லும், அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தே சொல்லப்படுவது. ஒருவேளை பிடிக்காது என்பதற்காகவே சொல்லப்படுவது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழுகிறது. கேட்டவரின் மனம்தான் அளவுகோல் என்றால், அது ஆளுக்கு ஆள் மாறுமே, பேசுகிறவர் எதை நம்பிப் பேசுவார்? இதற்கு நல்ல விடை ஒன்று 1991-ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. வருவாய்த் துறையில் உடன் பணியாற்றிய ஒருவர், தம்மோடு அதிகம் பழகியிராத பெண்ணுக்குத் தொடர்ந்து காதல் கடிதங்கள் எழுதினார். அவர் மேலதிகாரி அல்லர். எழுதியவர் கண்ணில் அது காவியக் காதலாகவே தெரிந்திருக்கும். அந்தப் பெண்ணோ அச்சத்தில் உறைந்தார். இது அற்பமான செய்தி என்று கீழ் நீதிமன்றம் ஒதுக்கியிருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம், அதே நிலையிலிருக்கும் நியாயமான ஒரு பெண்ணுக்கு இது எப்படித் தோன்றும் என்று பார்க்க வேண்டும் என்றது. தாக்கப்படலாம் என்ற எண்ணத்தோடே வாழ நேர்ந்தவருக்கும், அந்த எண்ணமே இல்லாமல் வளர்ந்தவருக்கும் ஒரே கடிதம் ஒரே கடிதமாகத் தெரியாது. பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டமும், பேசியவரின் நோக்கம் எதுவாயினும் பேச்சின் விளைவைக் கணக்கில் எடுக்கிறது. கூடவே, அந்த விளைவு ஏற்பட்டது நியாயமானதுதானா என்றும் பார்க்கச் சொல்கிறது. ஆகவே கேட்டவரின் மனம் முதல் சாட்சி. அதுவே முழுத் தீர்ப்பாகிவிடுவதில்லை.

‘இனி யாரிடமும் பேசவே கூடாதா’ என்று கலங்குகிறவர்களை நான் ஏளனமாகப் பார்ப்பதில்லை. அவர்களில் பலர் உண்மையிலேயே எவரையும் புண்படுத்த விரும்பாதவர்கள். உடன் பணியாற்றும் ஒருவரிடம், மதிப்போடு, ஒரு முறை, வெளியே சந்திக்கலாமா என்று கேட்டுவிட்டு, அவர் மறுத்ததும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, மறுநாள் முன்புபோலவே பேசுகிறவரைத் துன்புறுத்தியவர் என்று சொல்வது அநீதி. நாத்தவறிச் சொல்லிவிட்டு உடனே உணர்ந்து நிறுத்திக்கொள்பவரும் அந்த வரிசையில் இல்லை. 1998-இல் ஆண் ஊழியரை ஆண்களே துன்புறுத்திய வழக்கை ஏற்றுக்கொண்ட அதே அமெரிக்க உச்ச நீதிமன்றம், இதற்கான அமெரிக்கச் சட்டம் பணியிடத்துக்கான பொதுவான நாகரிக விதித்தொகுப்பு அன்று என்பதையும் சேர்த்தே சொன்னது. எல்லாவற்றையும் துன்புறுத்தல் என்று அழைத்தால் அந்தச் சொல் தேய்ந்துபோகும். தேய்ந்த சொல்லை நம்பிப் புகார் கொடுக்க வருகிறவர்தான் அதனால் இழப்பார். ஆனால் ‘ஒரு முறைதானே’ என்பதையும் பொதுவிதியாக்கிவிட முடியாது. பதவி உயர்வுக்கு ஈடாக உடலைக் கேட்பதற்கு ஒரு முறையே போதும். 2019-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 190-ஆம் உடன்படிக்கை, நடந்தது ஒரு முறையாயினும் பல முறையாயினும் அது துன்புறுத்தலே என்ற வரையறையோடுதான் தொடங்குகிறது.

பலரும் பரிந்துரைக்கும் ஓர் அளவுகோலை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. “உன் அக்காவிடமோ தங்கையிடமோ ஒருவன் இப்படிப் பேசினால் ஒப்புக்கொள்வாயா?” என்பது அது. நல்ல எண்ணத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் எதிரே நிற்கும் பெண்ணுக்குரிய மதிப்பு, அவர் யாருடைய அக்கா, யாருடைய தங்கை என்பதிலிருந்து வருவதாக அது ஆக்கிவிடுகிறது. அவர் யாருக்கும் எதுவுமாக இல்லாவிட்டாலும் அவருடைய உடலைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. எனக்கு உதவிய கேள்வி வேறு: இதே வாக்கியத்தை, இதே குரலில், என் வேலையைப் பறிக்கக்கூடிய ஓர் அதிகாரியிடம் நான் சொல்வேனா? சொல்லத் துணியமாட்டேன் என்றால், எந்த வசதியை நம்பி இவரிடம் சொன்னேன் என்பது எனக்கே விளங்கிவிடுகிறது.

சொற்களும் இதில் பங்கு வகிக்கின்றன. 1975-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து ஒன்றுகூடிய பெண்கள், தங்களுக்கு நேர்ந்தவற்றை அழைக்க ஒரு பெயர் இல்லாமல் பல சொற்களைப் பரிசீலித்துத்தான் ‘பாலியல் துன்புறுத்தல்’ என்பதற்கான ஆங்கிலத் தொடரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் கிடைக்கும்வரை ஒவ்வொருவரும் அதைத் தமக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்றே நினைத்திருந்தனர். நம்மிடம் கேலி, கிண்டல், சீண்டல் என்று எத்தனையோ சொற்கள் இருந்தன. எல்லாமே பேசுகிறவரின் பக்கத்திலிருந்து உருவானவை. கேட்டவர் என்ன ஆனார் என்பது அவற்றில் எதிலும் இல்லை.

தோழி பேசிய சில நாட்களுக்குப் பிறகு, அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். நீண்ட விளக்கம் ஒன்றை மனத்துக்குள் எழுதி வைத்திருந்தேன். என் நோக்கம் எவ்வளவு தூய்மையானது என்பதே அதில் பாதி. கேட்கும் நேரத்தில் அதை விட்டுவிட்டு, “நான் பேசிய விதம் உங்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கும். இனி அப்படிப் பேசமாட்டேன்” என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். “சரி, சார்” என்றார். முன்பு நான் மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்ட அதே சிரிப்பு அது.